ஆடுதீண்டாப்பாளை தந்த பசி

போன பௌர்ணமியன்று, நான் வேலை பார்த்த ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து இரண்டு பெண்கள் திருவண்ணாமலையில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தார்கள். கிரிவலம் முடியும்வரை காரை நிறுத்த இடம் வேண்டும். செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, என் வீட்டு வாசலில் இடம் இருக்கிறது. வந்த காரணம் அதுதான் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் காபி கொடுத்தேன்.

காபியை ஆற்றிக்கொண்டே ஒரு செய்தி சொன்னார்கள். செல்களை எண்ண இயந்திரம் வாங்கியாகிவிட்டதாம். ஒரு துளி விட்டு மூடினால் போதுமாம், எத்தனை உயிரோடு, எத்தனை செத்தது என்று அதுவே சொல்லிவிடுமாம்.

"நீங்கள்லாம் கண்ணு போற மாதிரி உக்காந்து எண்ணுவீங்களாமே சார்? அதைப் பத்தி எழுதிக் குடுங்க, ஆண்டு மலர்ல போடறோம்" என்றாள் ஒருத்தி.

எண்ணியதை மட்டும் எழுதினால் யார் படிப்பார்கள்? அதனால் எண்ணிக்கையை வைத்துக்கொண்டு நாங்கள் ஒரு மனிதரோடு மல்லுக்கட்டிய கதையை எழுதுகிறேன். அவரும் இந்த ஊர்க்காரர்தான். எழுதலாமா என்று கேட்டேன். "என் போட்டோவும் போடுவாங்களா?" என்று கேட்டார். அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டேன்.

என்னைப் பற்றிச் சுருக்கமாக. கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடும் குடும்பம். விலங்கியல் படித்தேன். வேலை கிடைத்த முதல் வருஷம் பாட்டில் கழுவினேன். அடுத்த வருஷம் செல் வளர்க்கவும் எண்ணவும் கற்றுக்கொண்டேன். ஓய்வு பெறும்வரை அதையேதான் செய்தேன். என்னால் எண்ணாமல் இருக்க முடியாது. பஸ்ஸில் ஏறினால் எத்தனை பேர் நிற்கிறார்கள், ஹோட்டலில் உட்கார்ந்தால் எத்தனை ஃபேன் ஓடவில்லை என்று மனசு தானாக எண்ணும். என் மனைவி இதை வியாதி என்கிறாள். இதற்குச் சம்பளம் கொடுத்தார்கள் என்பதால் நான் உத்தியோகம் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் கூடத்தில் வளர்ந்தவை மனிதச் சிறுநீரகத்தின் செல்கள். தட்டையான பிளாஸ்டிக் குடுவையின் அடியில் ஒட்டிக்கொண்டு, பக்கத்துச் செல்லோடு தோள் உரசியபடி பரவும். மேலே உணவுத் திரவம் நிற்கும். அதில் சர்க்கரையோடு ஒரு சாயமும் கலந்திருக்கும். புதிதாக ஊற்றும்போது ரோஸ் கலந்த சிவப்பு. செல்கள் சர்க்கரையைத் தின்று அமிலத்தை வெளியே தள்ளத் தள்ள ஆரஞ்சாகி, மஞ்சளாகும். மஞ்சளானால் பழைய சாப்பாட்டை மாற்ற வேண்டும் என்று பொருள். மஞ்சளாகி, கலங்கலாகவும் இருந்தால் பாக்டீரியா புகுந்துவிட்டது, ப்ளீச் ஊற்றிக் கொட்டிவிட்டு வீட்டுக்குப் போய் மனைவி மேல் எரிந்து விழ வேண்டும் என்று பொருள்.

எண்ணுவதற்கு ஒரு முறை உண்டு. செல்களைக் குடுவையிலிருந்து பிரித்து, நீலச் சாயம் கலந்து, கட்டம் போட்ட கண்ணாடித் தகட்டில் ஒரு துளி விட வேண்டும். செத்த செல்லுக்குள் சாயம் புகுந்துவிடும், அது நீலமாகத் தெரியும். உயிருள்ளது சாயத்தை உள்ளே விடாது, பளிச்சென்று இருக்கும். கோட்டின் மேல் உட்கார்ந்திருக்கும் செல்லை என்ன செய்வது? மேல் கோட்டிலும் இடது கோட்டிலும் இருந்தால் சேர்க்க வேண்டும், கீழும் வலதும் இருந்தால் விட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரே செல் பக்கத்துக் கட்டத்திலும் கணக்கில் வந்துவிடும். இந்த விதியை நான் சினிமா தியேட்டரில் நாற்காலி எண்ணும்போதுகூட மீறியதில்லை.

எங்கள் தலைவர் நூர்ஜஹான் மேடம். திருவண்ணாமலையில் தலைமுறை தலைமுறையாக நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கும் குடும்பம். அவர் மட்டும் படித்து டாக்டர் பட்டம் வாங்கி இந்தப் பக்கம் வந்துவிட்டார். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. மருந்து கொடுத்த குடுவையை ஆவலோடு நீட்டினால் கையில் வாங்க மாட்டார். "கண்ட்ரோல் எப்படி இருக்கு?" என்று கேட்பார். கண்ட்ரோல் என்றால் மருந்து கொடுக்காத, சும்மா இருக்கும் குடுவை. அதை நிதானமாகப் பார்த்து முடித்த பிறகுதான் மற்றது. முடிவு அவருக்குப் பிடித்த மாதிரி வந்துவிட்டால் இன்னும் மோசம். "ரொம்ப அழகா இருக்குதே. மறுபடி பண்ணலாமா?" என்பார். அந்த "மறுபடி" என்ற சொல்லால் எனக்குப் போன ஞாயிற்றுக்கிழமைகள் ஏராளம்.

அவர் அப்போது ஆராய்ந்துகொண்டிருந்தது ஆடுதீண்டாப்பாளையில் இருக்கும் ஒரு அமிலம். இந்தச் செடியை நம் பக்கம் எல்லாரும் பார்த்திருப்பார்கள். வயலோரம் படர்ந்து கிடக்கும், ஆடு வாய் வைக்காது. வயிற்றுப் பூச்சிக்கும் சொறிக்கும் கசாயம் வைத்துக் குடிக்கிற பழக்கம் உண்டு. அதில் இருக்கும் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதும், செல்லின் மரபுப்பொருளில் ஒட்டிக்கொண்டு பல வருஷம் கழித்துச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயைக் கொண்டுவரும் என்பதும் உலகத்துக்குத் தெரிந்த விஷயம். அது செல்லின் சக்தித் தயாரிப்பை என்ன செய்கிறது என்பதுதான் மேடத்தின் கேள்வி.

ஒரு திங்கட்கிழமை மேடம் ஊரிலிருந்து வந்தார். முகம் சரியில்லை. கைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

"எங்க அண்ணன் கடையில எடுத்தது. ஆடுதீண்டாப்பாளைப் பொடி."

"விக்கிறாரா மேடம்?"

"விக்கிறது மட்டும் இல்லைங்க ஏகாம்பரம். தினம் காலையில ஒரு ஸ்பூன் கசாயம் வச்சு அவரே குடிக்கிறாரு. கால்ல சொறி வந்ததுல இருந்து. வருஷக்கணக்கா."

நான் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேடம் தொடர்ந்தார். "ரத்தம் டெஸ்ட் பண்ணலாம்ணேன்னு கெஞ்சிட்டேன். உன் லேபுக்கு நான்தான் கிடைச்சேனான்னு கேக்கறாரு."

அந்த வாரமே அண்ணன் காதர் பாய் எங்கள் கூடத்துக்கு வந்துவிட்டார். தங்கை கடையிலிருந்து சரக்கை எடுத்துப் போனது தெரிந்து, பஸ் பிடித்துச் சண்டைக்கு வந்திருந்தார். நல்ல உயரம், மருதாணி போட்ட தாடி, வெள்ளைச் சட்டை. வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னதும் கழற்றினார். அதில் எனக்கு அவர் மேல் கொஞ்சம் மதிப்பு வந்தது.

"ஏம்மா நூரு, நீ பரிசோதனை பண்றது பாட்டில்ல வர்ற மருந்து. என் சரக்கு அதுவா? நான் நிழல்ல காயவச்சு, கெடுதல் போகச் சுத்தி பண்ணி விக்கிறேன். எங்க அத்தா காலத்துல இருந்து விக்கிறோம். யாராவது கடைக்கு வந்து சண்டை போட்டானா?"

"கிட்னி போனவன் கடைக்கு வர மாட்டான்ணே. ஆஸ்பத்திரிக்குப் போவான்."

"பாத்தீங்களா சார், இவ வாயை?" என்று என்னிடம் திரும்பினார். நான் குடுவைகளை எண்ணுவது போலத் திரும்பிக்கொண்டேன்.

மேடம் கோபப்படவில்லை. "சரி. உன் பொடியையே பாக்கலாம். நீயே கசாயம் வை. எந்தக் குடுவைக்கு எதுன்னு நீயே ஊத்து. எனக்கும் சொல்லாதே, ஏகாம்பரத்துக்கும் சொல்லாதே. எங்களுக்குத் தெரிஞ்சா உனக்கு எதிரா எண்ணிடுவோம்னு நீ சொல்லுவே."

பாய்க்கு இது பிடித்துவிட்டது. மூன்று குடுவை. ஒன்றில் வெறும் தண்ணீர், ஒன்றில் சீரகக் கசாயம், ஒன்றில் ஆடுதீண்டாப்பாளை. சீரகத்தைச் சேர்த்தது பாய்தான். "எந்தக் கசாயம் ஊத்துனாலும் சாகுதுன்னா அப்புறம் என் செடியை ஏன் திட்டணும்?" என்றார். மேடம் அண்ணனை நிமிர்ந்து பார்த்தார். கேள்வி சரியான கேள்வி.

எனக்குத்தான் கவலைக்கு மேல் கவலை. கசாயம் பழுப்பு நிறம், உணவுத் திரவத்தின் நிறத்தைக் கெடுத்துவிடுமோ? நிறம் தெரியாத அளவுக்கு நீர்க்கச் செய்து, கிருமி போக வடிகட்டி, ஒரே மாதிரி மூன்று குப்பியில் பெயர் எழுதிப் பாயிடம் கொடுத்தேன். கசாயமே புளிப்பாக இருந்து சாயத்தை மஞ்சளாக்கிவிடுமோ? ஊற்றியதும் பார்த்தேன், மூன்றும் ஒரே ரோஸ். பாய்க்குக் கையுறை போட்டு, முகமூடி கட்டி, காற்று வடிகட்டும் பெட்டியின் முன் உட்கார வைத்தோம். எங்களை வெளியே போகச் சொன்னார். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். முகமூடியைத் தாடைக்கு இறக்கிவிட்டுக்கொண்டு குடுவையிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்.

"பாய்! மூடுங்க, வாயை மூடுங்க!" என்று கண்ணாடியைத் தட்டினேன்.

"பிஸ்மி சொல்லித்தானே எதையும் ஆரம்பிக்கணும் சார்?" என்று உள்ளிருந்து சத்தம் வந்தது.

அடையாளத்துக்குக் குடுவை மேல் பேனாவால் வரைந்திருந்தார். ஒன்றில் நட்சத்திரம், ஒன்றில் மீன், ஒன்றில் குடை. எது எது என்று அவர் மனசுக்குள் மட்டும்.

மூன்றாம் நாள் இன்குபேட்டரைத் திறந்தேன். நட்சத்திரமும் மீனும் லேசான ஆரஞ்சு. குடை நல்ல மஞ்சள். போச்சு, பாய் பேசிய பேச்சில் பாக்டீரியா புகுந்துவிட்டது என்று ப்ளீச் பாட்டிலைக் கையில் எடுத்துவிட்டேன். மேடம் தடுத்தார். "கலங்கலா இருக்குதா?" இல்லை. தெளிவாக இருந்தது. மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். ஒரு கிருமிகூட இல்லை.

அதற்குள் பாய் வந்து சேர்ந்தார். மஞ்சள் என்றால் என்ன பொருள் என்று கேட்டார். செல்கள் சர்க்கரையை நிறையத் தின்றிருக்கின்றன என்று விவரம் போதாமல் சொல்லிவிட்டேன். அவ்வளவுதான். ரகசியம் காக்க வேண்டிய மனிதர் கையைத் தட்டினார்.

"குடைதான் சார் என் மருந்து! பாத்தியா நூரு? பசியைத் தூண்டுது! எவ்வளவு சுறுசுறுப்பா சாப்பிட்டிருக்குதுங்க பாரு! என்கிட்ட வர்ற ஜனங்களும் இதைத்தான் சொல்றாங்க, குடிச்சா வயிறு நல்லா கேக்குதுன்னு."

நியாயமாகப் பார்த்தால் கண்ணுக்குத் தெரிவது அதுதானே? மேடம், "எண்ணுங்க" என்றார்.

எண்ணினேன். முதலில் நட்சத்திரம், பிறகு மீன், கடைசியில் குடை. நட்சத்திரத்துக்கும் மீனுக்கும் வித்தியாசம் இல்லை. குடையில் பாதிகூட இல்லை. மறுபடி எண்ணினேன், அதேதான். குறைந்த செல்கள், ஆனால் அதிகமான அமிலம்.

"கொஞ்சம் பேரு, ஜாஸ்தி சாப்பாடு" என்றார் பாய், விடாமல். "பிரியாணி நல்லா இருந்தா அப்படித்தான் ஆகும்."

மேடம் நாற்காலியை இழுத்து அண்ணன் பக்கத்தில் போட்டுக்கொண்டார். "அண்ணே, செல்லுக்குச் சக்தி ரெண்டு வழியில வரும். ஒண்ணு, உள்ளே சின்னச் சின்ன அடுப்பு இருக்குது. ஆக்சிஜனை வச்சு மெதுவா, முழுசா எரிக்கும். கொஞ்சம் சர்க்கரை போதும், நிறைய சக்தி. இன்னொண்ணு அவசர வழி. சர்க்கரையைப் பாதியில உடைச்சுட்டு மிச்சத்தை அமிலமா வெளிய தள்ளிடும். இதுல சக்தி ரொம்ப கம்மி. அதனால அள்ளி அள்ளித் தின்னணும். உன் மருந்து அடுப்பைக் கெடுத்திருக்குதுன்னு நான் நினைக்கிறேன். அதுங்க சுறுசுறுப்பா சாப்பிடல, வேற வழி இல்லாம சாப்பிடுதுங்க."

"நினைக்கிறே."

"ஆமாம். நினைக்கத்தான் செய்யறேன். மறுபடி பண்ணலாமா?"

எனக்கு வழக்கமாக வரும் எரிச்சல் அன்று வரவில்லை.

இரண்டாம் முறைக்கு மேடம் ஒரு காரியம் செய்தார். உணவுத் திரவத்தில் வழக்கமான குளுக்கோஸை எடுத்துவிட்டு, பாலிலிருந்து கிடைக்கும் காலக்டோஸ் என்ற சர்க்கரையைப் போடச் சொன்னார். அவசர வழியில் இதை உடைத்தால் செல்லுக்குக் கையில் ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சாது. அடுப்பு நன்றாக இருக்கும் செல் இதிலும் பிழைத்துக்கொள்ளும். அடுப்பு கெட்டது மாட்டிக்கொள்ளும். இதை பாயிடம் முன்கூட்டியே சொன்னார். "மூணும் ஒரே மாதிரி நல்லா இருந்தா நான் சொன்னது தப்பு. அப்புறம் உன்னை டெஸ்ட்டுக்குக் கூப்பிட மாட்டேன்."

"இரு இரு. செத்துட்டா?"

"செத்துட்டா நீ ரத்தம் குடுக்கணும். கடையிலயும் நிறுத்தணும்."

பாய் சற்று யோசித்து, சரி என்றார். இந்த முறை முகமூடியை இறக்கவில்லை. அடையாளங்களை மாற்றிவிட்டார்: பூட்டு, செருப்பு, மாங்காய்.

முடிவு பார்க்கும் நாள் நோன்பு மாதத்தில் வந்தது. பாய் நோன்போடு பஸ்ஸில் வந்தார். வெயில் வேறு. மயங்கி விழுந்தால் என்ன செய்வது என்று நான் அவர் பக்கத்திலேயே நின்றேன். மேடமும் நோன்புதான், அவரைப் பற்றி எனக்குக் கவலை வரவில்லை. அவர் நோன்போடு வேலை செய்வதை வருஷா வருஷம் பார்த்திருக்கிறேன்.

வண்ணத்தில் இந்த முறை ஒன்றும் தெரியவில்லை. காலக்டோஸில் அமிலம் அவ்வளவாக வராது, அதனால் மூன்றும் ரோஸாகவே இருந்தன. பாயின் முகம் மலர்ந்தது. நான் செருப்பை மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். செல்கள் ஒழுங்காக ஒட்டிக்கொண்டிருந்தன. பூட்டும் அப்படியே. மாங்காயை வைத்தேன். அடியில் ஒட்டியிருந்தவை சில. மற்றவை உருண்டு, கழன்று, மேலே மிதந்துகொண்டிருந்தன. நான் எழுந்து பாயை உட்கார வைத்தேன்.

வெகு நேரம் பார்த்தார். குடுவையை நகர்த்தச் சொன்னார், நகர்த்தினேன். மற்ற இரண்டையும் வைக்கச் சொன்னார், வைத்தேன். மறுபடி மாங்காய்.

"அண்ணே, எது எதுன்னு சொல்லு" என்றார் மேடம்.

பாய் கண்ணை எடுக்காமலே பேசினார். "சர்க்கரையை மாத்துனதுக்கே இப்படியா? நான் விடியக்காலையில சாப்பிட்டது. பஸ்ஸுல நின்னுகிட்டு வந்தேன். ஒண்ணும் ஆகல. ஒரு வேளை இல்லன்னா உடம்பு வேற எதையாவது வச்சு ஓட்டிக்குது. இதுங்களால முடியல."

"பிளாஸ்டிக்ல இருக்கறது மனுஷன் இல்லண்ணே. இதை வச்சு உனக்கு இதான் ஆச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். புற்றுநோய்ங்கறது வேற கணக்கு, அது வர வருஷங்கள் ஆகும். அதுக்குத்தான் டெஸ்ட்."

"மாங்காய்தான்" என்றார் பாய். பிறகு சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்தார். "எடும்மா. எவ்வளவு வேணும்?"

"இங்க எடுக்க மாட்டாங்கண்ணே. இது செல்லுக்கான இடம். ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"ஆறு தடவை வீட்டுக்கு வந்து குடு குடுன்னே. இப்ப குடுத்தா வேணாங்கறே!"

அந்த அறையில் நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். மேடம் சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நோன்பு திறந்த பிறகு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்.

ரத்தத்தில், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கிரியேட்டினின் என்ற கழிவு, இருக்க வேண்டியதைவிடக் கூடுதலாக இருந்தது. சிறுநீரில் புரதம் கசிந்தது. சிறுநீரக டாக்டர், பொடியை இன்றோடு விட்டுவிடுங்கள், இருக்கிறதைக் காப்பாற்றலாம் என்றார். போனது திரும்பி வராது என்பதையும் மறைக்கவில்லை. புற்றுநோய் வரலாம் என்பதால் வருஷா வருஷம் ஸ்கேன் பார்க்கச் சொன்னார். பாய் சொறிக்கு வேறு களிம்பு வாங்கிக்கொண்டார். அது அவர் கடையில் இல்லை, இங்கிலீஷ் மருந்துக் கடையில் கிடைத்தது. அதில்தான் அவருக்கு வருத்தம் அதிகம்.

கடையில் விற்பதை நிறுத்துவது லேசாக முடிந்துவிட்டது. ஏற்கெனவே விற்றதுதான் பெரிய பாடு. வாடிக்கையாக வாங்கிப் போனவர்கள் எல்லாருடைய முகமும் அவருக்குத் தெரியும். ஊர் ஊராகப் போய்ச் சொன்னார். கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் வழி காட்ட என்னை அழைத்துக்கொண்டு போனார். ஒரு வீட்டில் பெரியவர் ஒருவர், "ஏன் பாய், இத்தனை வருஷம் நல்லதுன்னு நீயே குடுத்தே, இப்ப நீயே கெட்டதுங்கறே. சரக்கு விலை ஏறிடுச்சா?" என்று கேட்டார். பாய் அவரோடு வாதாடவில்லை. "நானும் குடிச்சேங்க. எனக்குக் கிட்னி கெட்டுப்போச்சு. நீங்க ஒரு தடவை டெஸ்ட் பண்ணிப் பாருங்க, காசு நான் தர்றேன்" என்றார். பெரியவர் போய்ப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் இல்லை. பாய்க்கு அன்றைக்கு இருந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

மேடம் இப்போது ஓய்வு பெற்று மகளோடு வெளிநாட்டில் இருக்கிறார். அதனால் ஸ்கேனுக்கு பாயோடு போகிற வேலை என்னுடையதாகிவிட்டது. இந்த வருஷமும் போனோம். சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும் என்று தண்ணீர் குடிக்கச் சொல்வார்கள். நான் டம்ளரை எண்ணிக் கொடுத்தேன். பாய் குடித்துவிட்டு வராந்தாவில் அங்கும் இங்கும் நடந்தார். எங்களுக்கு முன்னால் ஏழு பேர். நான் எழுந்து எழுந்து ஸ்கேன் அறைக் கதவைப் பார்த்தேன். போன வருஷம் நன்றாக இருந்தது என்பது இந்த வருஷத்துக்கு எப்படி உத்தரவாதம் ஆகும்?

"சார், ஸ்கேன் எனக்கா உங்களுக்கா? உக்காருங்க" என்றார் பாய்.

உள்ளே கூப்பிட்டார்கள். கதவோரம் நின்றேன். டாக்டர் கருவியை முதுகுப் பக்கம் வைத்தார், பிறகு அடிவயிற்றில் வைத்து அழுத்தினார். அழுத்தின இடத்தில் பாய் பல்லைக் கடித்தார். டாக்டர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு இடத்தில் நிறுத்தி, மறுபடி பார்த்தார்.

"கட்டி எதுவும் இல்ல. போன வருஷம் இருந்த மாதிரியேதான் இருக்குது. அடுத்த வருஷம் வாங்க" என்றார் கடைசியில்.

பாய் படுக்கையிலிருந்து இறங்குவதற்குள் அவருடைய செல்போன் அடித்தது. மேடம்தான். நேரம் பார்த்துக் காத்திருந்திருப்பார். பாய் போனை என் கையில் திணித்துவிட்டு, ஒரு கையால் வேட்டியைப் பிடித்துக்கொண்டு வராந்தாவின் கோடிக்கு ஓடினார். அந்த வயதில் அப்படி ஒரு ஓட்டத்தை நான் பார்த்ததில்லை.

"என்ன சொன்னாங்க ஏகாம்பரம்? அண்ணன் எங்கே?"

"ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டாங்க மேடம். நல்லா இருக்காரு. பாத்ரூம் போயிருக்காரு."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"போகட்டும்" என்றார் மேடம். "நல்லா போகட்டும். நான் லைன்லயே இருக்கேன்."